அப்பாவின் பாதிச் சுவர்

மே 4, ஞாயிறு

இந்த நோட்டை அம்மா எடுத்துப் படிப்பாள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆகவே இதில் பொய் எழுத மாட்டேன். சில உண்மைகளை எழுதாமல் விடுவேன். அது வேறு கணக்கு.

இன்றைய செய்தி: அங்கிட்டு வீட்டைப் பார்க்க ஆள் வந்தது.

அங்கிட்டு என்றால் பெரியப்பா வீடு. இங்கிட்டு என்றால் நாங்கள். அருப்புக்கோட்டையில் மற்றவர்களுக்கெல்லாம் கதவு எண் விலாசம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் திசைதான் விலாசம். முன்பு இரண்டும் ஒரே வீடு. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்திய பாத்திரக்கடை பிரிந்தபோது வீடும் பிரிந்தது. பெரிய கூடத்துக்கு நட்டநடுவே ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் ஒன்று எழுந்தது. சுவர் ஃபேன் கொக்கிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அதற்கும் ஒரு சண்டை வந்து, கடைசியில் கொக்கிக்கு நேர் கீழேயே கட்டச் சொல்லிவிட்டார்கள். ஆளுக்குப் பாதிக் கொக்கி. அதனால் இரண்டு கூடத்திலும் ஃபேன் ஓரமாகச் சுற்றுகிறது. நடுவில் உட்காருகிறவர்களுக்கு வியர்க்கிறது.

அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. அம்மாவும் பெரியம்மாவும் பேசுவார்கள். பேசவில்லை என்று அவரவர் வீட்டில் சொல்வார்கள். நானும் பெரியப்பா மகள் இலக்கியாவும் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பேசுவோம். என் அளவுக்குத் துணி காயப்போடும் பெண் இந்தத் தெருவிலேயே இல்லை என்று அம்மாவுக்குப் பெருமை. காய்ந்த துணியை மறுபடி நனைத்துக் காயப்போட்ட நாட்களும் உண்டு.

இலக்கியா இன்று கொடியில் ஒரே துண்டை நாலு தடவை உதறினாள். பிறகு சொன்னாள்.

"வெண்பா, வீட்ட விக்கப் போறாங்கடி. மதுரைல எங்கண்ணன் ஃப்ளாட்டு பாத்துட்டான். வந்தவரு டயர் கடைக்காரரு. எங்க கூடத்த கோடவுனாக்கப் போறாராம்."

கூடம், கோடவுன். மோனை நன்றாகத்தான் வருகிறது. ரசிக்க முடியவில்லை.

சாப்பிடும்போது அம்மா இதை எடுத்தாள். "யாரோ தண்ணி லாரிகிட்ட பேசிக்கிட்டாங்க" என்று ஒரு முன்னுரை போட்டுக்கொண்டாள். அப்பா சோற்றில் ரசத்துக்கு அணை கட்டிக்கொண்டிருந்தார்.

"விக்கட்டும்," என்றார்.

அணை உடைந்து ரசம் தட்டைத் தாண்டிப் போனது.

மே 5, திங்கள்

பல் துலக்கிக்கொண்டே அப்பா அறிவித்தார்: "நம்ம கூடத்துல ஹோம் தியேட்டர் வைக்கப் போறேன்."

விளம்பரம் வந்தால் கரண்டு மிச்சம் என்று டி.வி.யை அணைப்பவர் எங்கள் அப்பா. அம்மா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

"திடீர்னு எதுக்குங்க?"

"பிள்ளைக்கு லீவு."

நான் பிறந்ததிலிருந்து எனக்கு வருஷம் தவறாமல் லீவு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மே 7, புதன்

மதுரை போனோம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடை. அதில் ஆல்பர்ட் அண்ணன் என்று ஒருவர். கடையில் விற்பது, வீட்டுக்கு வந்து மாட்டுவது இரண்டும் அவர்தான். அப்பாவின் சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் இஞ்ச் டேப் இருந்தது.

"ரூம் எவ்வளவு பெருசு, அண்ணாச்சி?"

"பாதி ரூம்."

ஆல்பர்ட் அண்ணன் அதற்கு மேல் கேட்காமல் பாடத்தை ஆரம்பித்தார். கூடம் சின்னது, தரையில் பெட்டி பெட்டியாக நிறுத்தினால் நடக்க இடம் இருக்காது, ஆகவே சுவருக்குள் பதிக்கிற ஸ்பீக்கர் எடுங்கள். வெளியே ஒரு வலை மட்டும்தான் தெரியும். சுவர் என்ன நிறமோ அதே நிறம் வலைக்கும் அடித்துக்கொள்ளலாம். திரையை ஒட்டி மூன்று ஸ்பீக்கர் பதியுங்கள். முதுகுக்குப் பின்னால் சின்னதாக இரண்டு ஆணியில் மாட்டினால் போதும். குண்டு வெடிக்கிற சத்தத்துக்கு மூலையில் ஒரு பெட்டி. எல்லாவற்றுக்கும் தலைவராக ஒரு ரிசீவர்.

"கைல இருக்கறத பூராம் ரிசீவர்ல கொட்டிராதீங்க. நடு ஸ்பீக்கர நல்லதா எடுங்க. வசனம் அதுலதான் வரும். வலதும் இடதும் பாட்டுக்கும் சண்டைக்கும்."

எங்கள் வீட்டு நிலைமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. சண்டைக்கு இரண்டு பக்கமும் தயாராக இருக்கிறது. நடுவில் வசனம்தான் இல்லை.

நாலைந்து நடு ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டினார். ஒன்றில் ஒரு கிழவர் பேசினார் பாருங்கள், தொண்டையில் சளி இருக்கும் இடம்கூடத் தெரிந்தது. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். திறந்ததும் ஒரே கேள்வி.

"ஆழம்?"

"அஞ்சு இஞ்ச்."

"வேண்டாம்."

"ஏன் அண்ணாச்சி, சுவர் ஒம்பது இஞ்ச்னு சொன்னீங்க?"

"என் பாதி நாலரை."

ஆல்பர்ட் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அது பொதுச் சுவருண்ணே. அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. எங்கப்பா சுவத்துக்குள்ளயும் பாகம் பிரிச்சு வச்சிருக்காங்க," என்றேன்.

"அப்ப எதிர்ச் சுவத்துல மாட்டுங்க. அது முழுசும் உங்களுதுதான?"

"அங்க வெயில் அடிக்கும்," என்றார் அப்பா.

எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் சமையலறை. அங்கே வெயில் அடிக்கவேண்டுமென்றால் சூரியன் சாம்பார் கேட்டு வந்தால்தான் உண்டு.

"அப்ப செங்கல் சுவத்தத் தொட வேண்டாம். அதுக்கு முன்னால ஜிப்சம் பலகைல இன்னொரு சுவர் மாதிரி அடிச்சு, அதுக்குள்ள பதிச்சிரலாம்."

"இருக்கற சுவர் போதும். இன்னொண்ணு வேண்டாம்."

ஆல்பர்ட் அண்ணன் தண்ணீர் குடித்தார். பிறகு, ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு பெட்டி வைத்து அடைத்தால் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாது, வாங்குகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்றார்.

"அது வேண்டாம். வசனம் அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கணும்." சொன்ன பிறகுதான் அப்பாவுக்கே கேட்டிருக்க வேண்டும். "அதாவது அவ்வளவு தெளிவா இருக்கணும்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

பெட்டிச் செலவு மிச்சம் என்று நினைத்திருப்பார். சிக்கனம் என்றே எழுதி வைக்கிறேன்.

இடைப்பட்ட நேரத்தில் கடையிலேயே பெரிய ஸ்பீக்கரோடு என் போனை இணைத்து, அப்பாவின் குறட்டையைப் போட்டுவிட்டேன். போன வாரம் பதிவு செய்தது. கடையே அதிர்ந்தது.

"யார்யா அது, இப்படித் தூங்குறது?" என்று திரும்பிப் பார்த்தார் அப்பா.

"உங்க வசனம்தான்ப்பா. தெளிவா இருக்கா?"

ஆல்பர்ட் அண்ணன் மட்டும் முகம் மாறாமல், "பேஸ் நல்லா வருது, அண்ணாச்சி," என்றார்.

மே 8, வியாழன்

அப்பா கடையில் கொடுத்த விளம்பரத் தாள்களை வாய்விட்டுப் படிக்கிறார். எந்த விஷயத்திலும் அவர் இவ்வளவு ஆழமாகப் போனதில்லை. நாலரை இஞ்ச் வரைக்கும் போகிறார்.

மே 10, சனி

முடிவாகிவிட்டது. மூன்றே முக்கால் இஞ்ச் ஆழமுள்ளது. ஆல்பர்ட் அண்ணன் போனில் மூன்று முறை "யோசிச்சுக்கங்க" என்றார்.

"சத்தம் கொஞ்சம் மெலிசாத்தான் வருமாம்," என்றார் அப்பா, கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம்.

"அப்ப ஆழமானதையே வாங்குங்க. அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டா போச்சு."

"என் சுவத்துக்கு நான் எதுக்குக் கேக்கணும்?"

"உங்க சுவத்துக்குக் கேக்க வேணாம். அவுக சுவத்துக்குக் கேளுங்க."

"அதுக்குத்தான மெலிசா வாங்குறேன்."

அம்மா ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள். "ஒரு வார்த்தைய மிச்சம் பிடிக்கிறதுக்கு ஒரு தியேட்டர் செலவு."

மாடியில் இலக்கியா. வருகிற வெள்ளிக்கிழமை டயர்க்காரர் அட்வான்ஸ் கொண்டுவருகிறாராம்.

"பெரியப்பா என்ன சொல்றாக?"

"ஒண்ணும் பேசல. ஆனா மாடத்துல மிட்டாய் மட்டும் வேகமாக் காலியாகுது."

அப்போதுதான் எனக்கு அந்த மாடமே தெரியவந்தது. பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய். கருப்பட்டி மிட்டாய் என்றால் உயிர். இரண்டுக்கும் நடுவில் பெரியம்மா. அவர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்த சமயம் பார்த்துப் பெரியப்பா தன் கையாலேயே பொதுச் சுவரில் ஒரு மாடம் கொத்தி, அதன் மேல் தினசரி காலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார். உள்ளே மிட்டாய் டப்பா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேதி பார்க்கிறார் என்று பெரியம்மாவுக்கு மட்டும் இன்னும் சந்தேகம் வரவில்லை.

"எவ்வளவு ஆழம்டி?" என்றேன். அப்பா மகள்தானே.

"டப்பா முழுசா உள்ள போயிரும்."

"எந்த இடம்?"

"கொக்கிக்கு நேர் கீழ. என் நெஞ்சு உயரத்துல. எதுக்குக் கேக்குற?"

"பொது அறிவு."

நானும் இலக்கியாவும் ஒரே உயரம்.

மே 13, செவ்வாய்

ஆல்பர்ட் அண்ணன் வந்து சுவரில் பென்சிலால் மூன்று கட்டம் போட்டார். நடுக்கட்டம் கொக்கிக்கு நேர் கீழே, திரை வருகிற இடத்தை ஒட்டி. அப்பா ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். கொத்தனார் வியாழக்கிழமைதான் வருகிறார்.

மாலையில் நானாகவே கூடத்தைப் பெருக்கினேன். அம்மா வாசலுக்குப் போய் மழை வருகிறதா என்று பார்த்தாள். பெருக்கும்போது ஒரு ரப்பரும் பென்சிலும் கிடந்தன. எடுத்து அவற்றின் இடத்தில் வைத்தேன்.

வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மே 15, வியாழன்

கொத்தனார் கட்டர் வைத்துக் கோட்டின் மேலேயே அறுத்தார். பிறகு உளி. கூடம் முழுக்கச் செம்மண் புகை. அப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கொத்தனார் தோளுக்கு மேல் நின்றார்.

"மூணே முக்கால். அதுக்கு மேல ஒரு நூல் போகக்கூடாது."

"சுவத்துக்கா வலிக்கப்போகுது, அண்ணாச்சி?"

"போகக்கூடாதுன்னா போகக்கூடாது."

இடதும் வலதும் முடிந்தன. நடுவில் இரண்டு இஞ்ச் வரை ஒழுங்காகப் போயிற்று. அப்பா டேப்பை விட்டு அளந்தார். இன்னும் கொஞ்சம். மறுபடி அளந்தார். அடுத்த அடியில் உளி விசுக்கென்று உள்ளே போக, கொத்தனாரும் பின்னாலேயே கொஞ்சம் போனார். ஒரு செங்கல் துண்டு அங்கிட்டு விழுந்தது. எங்கேயோ தகரம் அடிபட்ட சத்தம்.

சுவரிலிருந்து கருப்பட்டி வாசம் வந்தது.

கொத்தனார் கையை விட்டுத் துழாவி ஒரு டப்பாவை வெளியே எடுத்தார். திறந்து பார்த்தார். ஒன்றை எடுத்து ஊதிவிட்டு வாயில் போட்டார்.

"நல்ல சுவருதான், அண்ணாச்சி."

அதற்குள் அந்தப் பக்கம் காலண்டர் விலகியது. ஓட்டையில் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் பெரியப்பாவின் மூக்குக் கண்ணாடி வந்தது. அப்பா இந்தப் பக்கம் டேப்போடு குனிந்திருந்தார். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. சுவர் கட்டியதிலிருந்து அவர்கள் இவ்வளவு பக்கத்தில் நின்றதே இல்லை.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். தூசிக்காக.

"டேய் முத்து," என்றார் பெரியப்பா. கிசுகிசுப்பாக. "சத்தம் போடாத. உங்க மதினி உள்ளதான் இருக்கா."

அப்பாவுக்குக் கிசுகிசுக்க ஒரு அவசியமும் இல்லை. ஆனால் அவரும் கிசுகிசுத்தார்.

"சுகர வச்சுக்கிட்டு என்னண்ணே இது?"

"டப்பாவக் கொடு."

"மாட்டேன்."

"அது என் சாமான்."

"என் பாதில கெடந்துச்சு."

"நீ எதுக்குடா என் பாதிய உடைச்ச?"

"நீ எதுக்கு என் பாதில மாடம் வச்ச? பிடி, அளப்போம்."

அப்பா டேப்பின் நுனியை ஓட்டைக்குள் நீட்டினார். பெரியப்பா அதைப் பிடித்துத் தன் பக்கத்துச் சுவர் விளிம்பில் வைத்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு கண்ணைச் சுருக்கி, உடைந்த இடம்வரை படித்தார்கள்.

"ஆறு இஞ்ச். ஒன்னர இஞ்ச் என் பக்கம் வந்திருக்கண்ணே."

"மறைவாக் கொத்துனேன்டா. அளவு தெரியல."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"நீ கேட்டியா?"

கொத்தனார் இரண்டாவது மிட்டாயை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"அங்க யாருட்டங்க பேசுறீக?" பெரியம்மாவின் குரல், தூரத்திலிருந்து.

"சுவத்துட்ட," என்றார் பெரியப்பா.

காலண்டர் மறுபடி மூடி ஓட்டை இருண்டது. ஆனால் டேப்பின் நுனி அந்தப் பக்கமே இருந்தது. அப்பாவும் இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தானாக விடுபட்டு, சர்ரென்று சுருண்டு அவர் கைக்கு வந்தது.

டப்பாவை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டினார். ஏன் பூட்டினார் என்று அம்மா கேட்டதற்கு, "அவருக்கு ஆகாது," என்றார்.

மே 16, வெள்ளி

டயர்க்காரர் வந்தார். ஓட்டை இருப்பதால் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. "அடுத்தவங்க பேச்சக் கேக்காத, போய்ப் படி," என்று அம்மா என்னை விரட்டிவிட்டு, தான் ஓட்டைக்குக் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அப்பா கடைக்குப் போகவேயில்லை. வயிறு சரியில்லையாம். மூன்று இட்லி சாப்பிட்ட வயிறு.

டயர்க்காரர் கூடத்தை நடந்து அளந்தார். வரிசைக்கு எத்தனை டயர் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். மின்விசிறிக் காற்றில் காலண்டர் தூக்கியிருக்க வேண்டும்.

"இதென்ன சார், சுவத்துல இவ்வளவு பெரிய ஓட்ட?"

"வேல நடக்குது."

"யார் வேல?"

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"தம்பி வேல," என்றார் பெரியப்பா.

அப்பா கையிலிருந்த டம்ளரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார்.

"அடைச்சுத் தந்துருவீங்கல்ல?"

"கேட்டுச் சொல்றேன்."

"இதுல யாரக் கேக்கணும், உங்க வீடு?"

ஓட்டையை அடைத்தால் திங்கட்கிழமை அட்வான்ஸோடு வருவதாகச் சொல்லிவிட்டு டயர்க்காரர் கிளம்பினார்.

வெங்காயம் நிறைய உரித்துவிட்டாள் அம்மா. நாளைக்கும் வெங்காயச் சட்னிதான்.

மே 18, ஞாயிறு

யாரும் ஓட்டையை அடைக்கவில்லை. அப்பா மூன்று தடவை அதற்கு முன்னால் போய்த் தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பி வந்தார். அங்கிட்டு இருந்தும் செருமல் கேட்டது. இரண்டு பேருக்கும் இருமல் மருந்து வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

மே 19, திங்கள்

ஆல்பர்ட் அண்ணன் பெட்டிகளோடு வந்து இறங்கினார். நடு ஓட்டையைப் பார்த்தார். தன் நெஞ்சுக்கு நேராக அளந்து பார்த்தார்.

"இவ்வளவு தாழ்வாவா குறிச்சேன்? ஒரு சாண் இறங்கியிருக்கே."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கொக்கியைப் பார்த்தேன். நல்ல உறுதியான கொக்கி. அப்பா பார்வையை எடுத்துக்கொண்டு, "அந்த உயரமே இருக்கட்டும்," என்றார்.

"உயரம் சமாளிச்சிரலாம். ஆனா ஓட்ட அந்தப் பக்கம் வரைக்கும் போயிருச்சு, அண்ணாச்சி. பின்னால பெட்டி வச்சு அடைச்சு, அங்கிட்டு பூசிவிட்டா முடிஞ்சுது. அவங்களுக்கும் வீடு விக்கிறதுக்கு வசதி."

"அவுகளையே கேளு."

ஆல்பர்ட் அண்ணன் ஓட்டைக்குள் குனிந்தார். "ஐயா, பெட்டி வச்சு அடைச்சுரவா?"

காலண்டர் விலகியது. பெரியப்பா ரொம்ப நேரமாகப் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

"அடைச்சா என்ன ஆகும்?"

"சத்தம் உங்க பக்கம் வராது."

"அடைக்காட்டி?"

"இங்க ஓடுற படம் பூராம் உங்க கூடத்துல கேக்கும். வீடு வாங்குறவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"வசனம் தெளிவா வருமா?"

ஆல்பர்ட் அண்ணன் வியாபாரி. ஆனாலும் உண்மையைச் சொன்னார். "இது மெலிசு ஐயா. சுமாராத்தான் வரும். அஞ்சு இஞ்ச்ல ஒண்ணு இருக்கு, வண்டிலயே கெடக்கு. அதுல பேசுனா எதிர்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும். உங்க பக்கம் வந்துரும்னு அண்ணாச்சிதான் வேண்டாம்னுட்டாரு."

அப்பா கீழே கிடந்த ஒயரை எடுத்து, சிக்கு இல்லாத ஒயருக்குச் சிக்கு எடுக்க ஆரம்பித்தார்.

"முத்து."

"ம்."

"அஞ்சையே போடு."

"உன் பக்கம் அர இஞ்ச் வரும்ணே."

"வரட்டும்டா."

"அப்ப பெட்டி?" என்றார் ஆல்பர்ட் அண்ணன்.

இந்த முறை அப்பா கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலோரம் வந்து நின்றாள். எழுதும்படி நான் ஒன்றும் செய்யவில்லை.

"பெட்டி வேணாம்ப்பா," என்றது சுவர்.

மாலையில் டயர்க்காரரிடமிருந்து பெரியப்பாவுக்குப் போன். பெரியப்பா போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"இல்லைங்க... ஆமாங்க, அந்த ஓட்டதாங்க... இல்ல, அடைக்கிற மாதிரி இல்லைங்க. நீங்க வேற இடம் பாருங்க."

மாடிக்குப் போனேன். இலக்கியா ஏற்கெனவே நின்றிருந்தாள். இரண்டு பேர் கையிலும் துணி இல்லை.

மே 21, புதன்

ரிசீவர் வேலை செய்கிறது. அப்பாவின் குறட்டை இப்போது மூலைப் பெட்டி, முதுகுப் பக்கம் எல்லாவற்றிலும் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்பா சிரிக்கவில்லை. அங்கிட்டு யாரோ சிரித்தார்கள்.

மே 25, ஞாயிறு

முதல் படம். மத்தியான வெயிலில், திரைச்சீலையை இழுத்துவிட்டு. கறுப்பு வெள்ளைப் படம்தான் வேண்டும் என்றார் அப்பா. ராஜா, மந்திரி, குதிரை எல்லாம் உண்டு. ஒரே கூடமாக இருந்த காலத்தில் இந்த மாதிரிப் படங்களுக்குப் பெரியப்பா வசனத்தை முந்திச் சொல்லிவிடுவார், யாரையும் கேட்க விடமாட்டார் என்று அம்மா சொன்னாள்.

படம் தொடங்கியதும் அங்கிட்டு நாற்காலி இழுபடும் சத்தம். சுவரை ஒட்டி வந்து நின்றது. ஐந்து இஞ்ச் ஸ்பீக்கர் ஆழமாகப் பேசியது. ராஜா எங்கள் வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

"இப்ப யாரு அழுகுறா?" என்றது சுவர்.

"மகாராணி," என்றார் அப்பா.

"எதுக்கு?"

"மோதிரத்தக் காணோம்."

"எப்பக் காணாமப் போச்சு?"

"இப்பத்தான். ஆத்துல கை கழுவுறப்ப."

"அதச் சொல்லவே இல்ல நீ."

அப்பா சொல்ல ஆரம்பித்தார். உடுப்பு, வாள், யார் யாரைப் பார்த்து முறைக்கிறார்கள், தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் யார், எல்லாம். சொல்லிச் சொல்லி அவருக்குப் படம் தவறியது. பெரியப்பா, "மந்திரி எந்தப் பக்கம் நிக்கிறான்? மீசை இருக்கா?" என்று குறுக்கு விசாரணை வேறு.

"ரெண்டு பேரும் எங்களப் படம் பாக்க விடுவீகளா?" என்றாள் அம்மா.

"இப்ப என்ன சத்தம் அது?"

"குதிர."

"யாரு மேல வர்றா?"

அப்பா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். திரையில் குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கியபடி அப்படியே நின்றது.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?"

அப்பா சுவரைப் பார்த்தார். புது வெள்ளை அடித்த வலைக்கு எது முகம், எது முதுகு என்று தெரியாது. அதைப் பார்த்தே சொன்னார்.

"இங்கிட்டு வந்தா தெரியும்ணே."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் கை என்று நினைத்துப் பிடித்திருப்பாள் போல, அவ்வளவு இறுக்கம்.

பிறகு நாற்காலி நகர்ந்தது.

"எங்க கிளம்பிட்டீக?" என்று பெரியம்மா கேட்டார். செருப்பைத் தேடும் சத்தம். "இருங்க, நானும் வர்றேன்." இலக்கியா எதையோ தட்டிவிட்டு ஓடி வரும் சத்தம்.

எல்லாம் ஸ்பீக்கர் ஓட்டை வழியாகத் தெளிவாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவர்கள் வெளியே இறங்கிவிட்டார்கள். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. படி இறங்கித் தெருவுக்கு வந்து எங்கள் படி ஏறவேண்டும். அம்மா யாரும் சொல்லாமலே காப்பி போடப் போனாள். அப்பா, ஆல்பர்ட் அண்ணன் "இங்க உக்காந்தாத்தான் சத்தம் சரியா வரும்" என்று அளந்து போட்டுக் கொடுத்த நடு நாற்காலியிலிருந்து எழுந்தார். துண்டால் அதைத் தட்டினார். ஓர நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார்.

"போட்டுறவாப்பா?" என்றேன்.

"இரு."

வாசலில் கேட் கிறீச்சிட்டது. குதிரை இன்னும் காலைக் கீழே வைக்கவில்லை.